வயலுக்கும் எஞ்சிய காட்டுக்கும் இடையே பூச்சிகளின் போக்குவரத்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாகுபடி நிலங்களுக்கு நடுவே வெட்டுப்படாமல் மிஞ்சிய இயற்கைக் காட்டுத் துண்டுகள் அண்டார்டிகா தவிர உலகின் எல்லாக் கண்டங்களிலும் உண்டு. இங்கே எஞ்சிய காடு என்று சொல்வது நட்டு வளர்த்த தோப்பை அல்ல. அந்த மண்ணுக்கே உரிய மரமும் புதரும் சருகும் இடையறாமல் இருந்துவரும் இடத்தை. அதற்கும் பக்கத்து வயலுக்கும் நடுவில் பூச்சிகள் எப்படிப் போய்வருகின்றன என்று விவசாயிகளும் மாணவர்களும் இயற்கை ஆர்வலர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளும் பதில்களும் கீழே.

பூச்சிகள் உண்மையிலேயே இரண்டு இடத்துக்கும் போய்வருகின்றனவா? காட்டுப் பூச்சி காட்டிலும் வயல் பூச்சி வயலிலும் இருந்துவிடாதா?

சில இருந்துவிடும். நிழலும் ஈரமும் இல்லாமல் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்காத சருகு வண்டுகள் உண்டு. அவற்றுக்கு உழுத நிலம் கடல் மாதிரி. பிரேசிலில் மனாஸ் நகருக்கு அருகே 1979-இல் தொடங்கிய நீண்டகால ஆய்வில், பெருங்காட்டிலிருந்து துண்டித்து விடப்பட்ட சிறு காடுகளில் சாண வண்டு இனங்கள் குறைந்துபோனதைக் கண்டார்கள். வெட்டவெளியைக் கடக்கப் பல இனங்கள் துணியவில்லை. இன்னொரு பக்கம், வயலை விட்டு நகராத பயிர்ப் பூச்சிகளும் இருக்கின்றன.

ஆனால் பூச்சிக் கூட்டத்தில் பெரும் பங்கு இந்த இரண்டிலும் சேராது. கூடு ஓரிடம், உணவு வேறிடம் என்று தினமும் அலைபவை ஒரு வகை. ஆண்டுக்கு இருமுறை, பருவம் மாறும்போது மட்டும் இடம்பெயர்பவை இன்னொரு வகை. பெருகிப்போய் இடம் போதாமல் வழிந்து வெளியேறுபவை மூன்றாவது. வயலும் காடும் பேசப்படும்போது முதல் வகையைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். விளைவில் பெரியவை மற்ற இரண்டும்.

எதற்காகக் கடக்கின்றன?

உணவு, முட்டையிட இடம், குளிரிலிருந்தோ கோடையிலிருந்தோ ஒதுங்க ஒரு மறைவு, இணை. இந்த நான்கும் ஒரே இடத்தில் ஆண்டு முழுவதும் கிடைத்தால் எந்தப் பூச்சியும் கடக்காது. வயலில் அது நடப்பதில்லை. விதைப்புக்குப் பின் சில வாரங்கள் உணவு குவிகிறது. அறுவடையன்று ஒரே நாளில் எல்லாம் போய்விடுகிறது. காட்டில் உணவு இவ்வளவு குவியாது, ஆனால் முழுதாக அற்றும் போகாது. இக்கரைக்கு அக்கரை பச்சை என்பது பூச்சிகள் விஷயத்தில் பல மாதங்களுக்கு அப்பட்டமான உண்மை.

ஐரோப்பாவில் எண்ணெய்க் கடுகுப் பயிரைத் தாக்கும் மகரந்த வண்டைப் பாருங்கள். கறுத்து மினுங்கும் இரண்டு மில்லிமீட்டர் உடல். குளிர்காலம் முழுவதையும் காட்டோரச் சருகுக்கு அடியில் கழிக்கிறது. வசந்தத்தில் காற்று கொஞ்சம் வெதுவெதுப்பானதும் எழுந்து, கடுகு மொட்டுவிடும் நேரத்தில் வயலில் இறங்குகிறது. மொட்டுக்குள் முட்டை; அதிலிருந்து வரும் புழு பூவில் மகரந்தம் தின்று வளர்ந்து மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகிறது. புதிய தலைமுறை வண்டு வெளிவந்து, அக்கம்பக்கத்துப் பூக்களில் வயிறு நிறைத்துக்கொண்டு, மறுபடி சருகுக்குப் போகிறது.

இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்தப் புழுவைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவிகள் காட்டுக்குப் போவதில்லை. கடுகு வயலின் மண்ணுக்குள்ளேயே குளிரைக் கழிக்கின்றன. அறுவடைக்குப் பின் ஆழ உழுதால் சேதம் குளவிக்குத்தான். வண்டு காட்டில் பத்திரமாக இருக்கும். பீடை, அதாவது பயிரைத் தாக்கும் பூச்சி, ஒரு வீட்டிலும் அதன் எதிரி இன்னொரு வீட்டிலும் குடியிருப்பது இந்தத் துறையில் அடிக்கடி எதிர்ப்படும் சங்கதி. காடு நன்மை செய்கிறதா தீமை செய்கிறதா என்று பொதுவாகக் கேட்பதில் ஏன் பயனில்லை என்பதற்கு இந்த ஒரு வண்டே போதும்.

ஒரு பூச்சி எல்லையைக் கடந்ததை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

கண்ணால் பார்த்துச் சொல்ல முடிவது வண்ணத்துப்பூச்சி, தும்பி போன்ற பெரியவற்றைத்தான். மற்றவற்றுக்குப் பொறி வேண்டும். ஸ்வீடனைச் சேர்ந்த ரெனே மலேஸ் என்பவர் 1930-களில் வடிவமைத்த கூடாரப் பொறி இன்றும் முதன்மையானது. நடுவில் ஒரு வலைச்சுவர், மேலே சரிந்த கூரை, கூரையின் உச்சியில் ஒரு புட்டி. பறந்து வரும் பூச்சி சுவரில் மோதியதும் கீழே போகாமல் மேல்நோக்கி ஏறும். ஏறி ஏறிப் புட்டிக்குள் விழும். காட்டோரத்தில் இதைச் சிறிது மாற்றி, சுவரின் இருபுறத்துக்கும் தனித்தனிப் புட்டி வைக்கிறார்கள். காட்டிலிருந்து வருவது ஒன்றில், வயலிலிருந்து போவது மற்றொன்றில். எண்ணிப் பார்த்தால் எந்தத் திசையில் எந்த இனம் எவ்வளவு என்று தெரியும்.

தரையில் ஊர்பவற்றுக்குக் குழிப்பொறி: மண்ணோடு விளிம்பு மட்டமாகப் புதைத்த ஒரு குவளை, அவ்வளவுதான்.

வந்த பூச்சி எங்கே வளர்ந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேறு வழிகள் இருக்கின்றன. முட்டை வெள்ளைக்கருவையோ பாலையோ நீரில் கலந்து ஒரு பகுதியில் தெளித்துவிடுவார்கள். அங்கே நடமாடிய பூச்சியின் உடலில் அந்தப் புரதம் ஒட்டிக்கொள்ளும். வேறிடத்தில் பிடிபடும்போது ஆய்வுக்கூடச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும். ஒளிரும் பொடி தூவுவதும் உண்டு. மக்காச்சோளமும் கரும்பும் கார்பனை எடுத்துக்கொள்ளும் விதம் வேறு, மரங்களும் பெரும்பாலான காட்டுச் செடிகளும் எடுத்துக்கொள்ளும் விதம் வேறு. ஆகவே பொறிவண்டின் (சிறு பூச்சிகளைத் தின்னும் புள்ளி வண்டு) உடலில் உள்ள கார்பன் ஐசோடோப்புகளின், அதாவது எடை வேறுபடும் கார்பன் அணுக்களின், விகிதமே அது எந்தப் பக்கத்து உணவைத் தின்று வளர்ந்தது என்று சொல்லும். பருத்து மயிரடர்ந்த பம்பிள் தேனீ அளவுள்ளவற்றின் முதுகில் சில மில்லிகிராம் எடையுள்ள ஆன்டெனாவை ஒட்டி ரேடார் மூலம் பின்தொடரும் முறையை 1990-களில் இங்கிலாந்தில் உருவாக்கினார்கள்.

ஒரு எச்சரிக்கை. ஒரே ஒரு மாதம் பொறி வைத்துவிட்டுத் திசையை முடிவு செய்யும் ஆய்வை நம்ப வேண்டாம். பயிர் முளைக்கும்போது காட்டிலிருந்து வயலுக்கு ஓடும் கூட்டம், பயிர் முற்றிக் காயும்போது அப்படியே தலைகீழாகத் திரும்பும்.

எவ்வளவு தூரம் போகும்?

உடல் பெரிதானால் தூரமும் கூடும் என்பது தேனீக்களில் நன்றாக நிறுவப்பட்ட விதி. தனியாக வாழும் சிறு தேனீ இனங்கள் பலவற்றுக்குக் கூட்டிலிருந்து 150 முதல் 600 மீட்டர் வரைதான் எல்லை. கூட்டமாக வாழும் தேனீ தேவைப்பட்டால் 10 கிலோமீட்டர் போகும். அதை வைத்துக்கொண்டு காடு 10 கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் பரவாயில்லை என்று கணக்குப்போடுவது தவறு. முடிகிற தூரம் வேறு, வழக்கமாகப் போகிற தூரம் வேறு. ஒவ்வொரு நூறு மீட்டரும் குஞ்சுகளுக்குக் கொண்டுசேர்க்கும் மகரந்தத்தில் கழிவாகிறது.

மிகச் சிறியவற்றில் கோகோவின் மகரந்தச் சேர்க்கையாளரான ஈக்கொசுவைச் சொல்லலாம். ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் உடல். அழுகும் இலைகளிலும் காய்த்தோல்களிலும் பெருகும். மர நிழலை அடியோடு அகற்றிச் சருகைக் கூட்டித் தள்ளிய தோட்டத்தில் பூ நிறைய இருந்தும் காய் பிடிக்காமல் போவதற்கு இது ஒரு காரணம்.

காற்றுக்கு இதில் பங்கு உண்டா?

நிறைய. தரையை ஒட்டிய மெல்லிய அடுக்கில், காற்றின் வேகம் பூச்சியின் பறக்கும் வேகத்தைவிடக் குறைவாக இருக்கும் வரை, பூச்சி நினைத்த திசையில் போகும். அதற்கு மேலே போய்விட்டால் காற்று போன போக்கில்தான். செடிச்சாறு உறிஞ்சும் அசுவினிக்கும், பிற பூச்சிகளின் முட்டைக்குள் முட்டையிடும் ஒட்டுண்ணிக் குளவிகளுக்கும் அந்த அடுக்கு மிகவும் மெல்லியது. ஆகவே அவற்றின் போக்குவரத்தில் திசையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் காற்று. தென் இங்கிலாந்தின் வானத்தில் ஆண்டுக்கு சுமார் 3.5 லட்சம் கோடி பூச்சிகள், 3,200 டன் எடையில், உயரத்தில் கடந்து போகின்றன என்று 2016-இல் வெளியான ரேடார் ஆய்வு கணக்கிட்டது.

மரவரிசையின் காற்று மறைவுப் பக்கத்தில் சிறு பூச்சிகள் வந்து குவியும் என்பது 1960-களிலேயே அளந்து காட்டப்பட்டது. காடு தானே பெற்று அனுப்பாத பூச்சியைக்கூட, காற்றைத் தடுத்து, பக்கத்து வயலில் இறக்கிவிடுகிறது.

காடு அருகில் இருந்தால் மகரந்தச் சேர்க்கை கூடுமா?

இந்தக் கேள்விக்கு மட்டும் தயங்காமல் ஆம் என்று சொல்லலாம். ஐந்து கண்டங்களில் 16 பயிர்கள் மீது நடந்த 23 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், இயற்கை வாழிடத்திலிருந்து சுமார் 600 மீட்டர் தள்ளிப் போனதும் பூக்களுக்கு வரும் காட்டு மகரந்தச் சேர்க்கையாளர்களின் வருகை பாதியாகிவிடுகிறது என்று 2008-இல் கண்டார்கள். 2011-இல் வெளியான இன்னொரு தொகுப்பு, ஒரு கிலோமீட்டர் தள்ளினால் வருகை 27 சதவீதமும் காய்பிடிப்பு 16 சதவீதமும் குறைவதாகச் சொன்னது. அதுவும் பெட்டித் தேனீக்களின் வருகை குறையாத நிலையில்.

மிகவும் பேசப்பட்டது கோஸ்டாரிகாவின் ஒரு பெரிய காபித் தோட்டத்தில் நடந்தது. காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த செடிகளில் விளைச்சல் 20 சதவீதம் கூடுதல். இரண்டுக்குப் பதில் ஒற்றை உருண்டை விதை மட்டும் பிடிக்கும் காய்களும் அங்கே 27 சதவீதம் குறைவு. இரண்டு காட்டுத் துண்டுகள் அந்த ஒரு தோட்டத்துக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 60,000 டாலர் ஈட்டித்தந்தன என்று 2004-இல் கணக்குக் காட்டினார்கள். காட்டுக்கு விலை போடுவதில் எனக்குக் கொஞ்சம் சங்கடம் உண்டு, காபி விலை விழுந்தால் காட்டின் மதிப்பும் சேர்ந்து விழுந்துவிடும் என்பதால். ஆனாலும் தூரத்தையும் விளைச்சலையும் செடி செடியாக அளந்து சேர்த்துக் காட்டிய வகையில் அது அருமையான வேலை.

பீடைக் கட்டுப்பாட்டுக்கும் அதே பதில்தானா?

இல்லை. இங்கே நிறைய பேர் மிகைப்படுத்திப் பேசுகிறார்கள்.

நல்ல செய்தி முதலில். கலிபோர்னியாவின் திராட்சைத் தோட்டங்களில் ஒரு தத்துப்பூச்சி இலைச்சாற்றை உறிஞ்சும். அதன் முட்டையைத் தேடிப்பிடித்து உள்ளே தன் முட்டையை வைக்கும் அனாக்ரஸ் என்ற குளவி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவானது. இறக்கை ஓரங்களில் மயிர்க்குஞ்சம் வைத்த துரும்பு போல இருக்கும். ஆற்றோரத்துத் தோட்டங்களில் மட்டும் இந்தக் குளவி பருவத் தொடக்கத்திலேயே வேலையைத் தொடங்கிவிடுவது ஏன் என்று 1960-களில் தேடினார்கள். விடை ஆற்றங்கரைக் காட்டுப் புதரில் இருந்தது. திராட்சைத் தத்துப்பூச்சி குளிர்காலத்தில் முட்டையாக இருப்பதில்லை, முதிர்ந்த பூச்சியாக ஒளிந்துகொள்கிறது. குளவிக்கோ குளிரைக் கழிக்க ஏதாவது ஒரு முட்டை வேண்டும். ஆற்றோரக் காட்டு பிளாக்பெர்ரியில் வாழும் வேறொரு தத்துப்பூச்சியின் முட்டைகளில் அது குளிர்காலத்தை ஓட்டிவிட்டு, வசந்தத்தில் திராட்சைக்கு வருகிறது. திராட்சைக்கு எந்தத் தீங்கும் செய்யாத ஒரு பூச்சி காட்டில் இருப்பதால் திராட்சை பிழைக்கிறது.

இதைக் கண்டதும் தோட்டங்களுக்கு அருகே பிளாக்பெர்ரியை நட்டுப் பார்த்தார்கள். பெரிதாகப் பலன் தரவில்லை. பிற்பாடு, வேறொரு தத்துப்பூச்சி முட்டையிடும் ப்ரூன் (ஒரு வகை பிளம்) மரங்களைக் காற்று வரும் பக்கத்தில் நட்டபோது நிலைமை மேம்பட்டது. அந்த மரங்களில் ரூபிடியம் என்ற தனிமத்தைத் தெளித்து, வயலில் பிடிபட்ட குளவிகளில் எத்தனையில் அது இருக்கிறது என்று பார்த்தபோது, ஒரு தோட்டத்தில் கணிசமான பங்கு அந்த மரங்களிலிருந்தே வந்திருந்தது. இன்னொரு தோட்டத்தில் மிகச் சொற்பம். மீதிக் குளவிகள் இன்னும் தொலைவிலிருந்து வந்தவை.

இனி அவ்வளவு இனிக்காத செய்தி. சுற்றிலும் இயற்கை வாழிடம் அதிகமாக இருந்தால் பீடையின் எதிரிகள் கூடுவது பெரும்பாலான ஆய்வுகளில் தென்படுகிறது. ஆனால் பீடை குறைவது அதே அளவுக்குத் தென்படவில்லை: 2006-இல் வந்த ஒரு தொகுப்பில் முன்னது 74 சதவீத ஆய்வுகளில், பின்னது 45 சதவீத ஆய்வுகளில். 132 ஆய்வுகளின் தரவை ஒன்றாகக் குவித்து 2018-இல் செய்த அலசலிலும் சீரான விடை கிடைக்கவில்லை. சில இடங்களில் காடு கூடக்கூடப் பீடை குறைந்தது, சில இடங்களில் கூடியது. எதிரிகள் வருவது மட்டும் போதாது. பீடை பெருகத் தொடங்கும் முதல் இரண்டு வாரங்களுக்குள் வந்துசேர வேண்டும். பிந்தி வரும் பெரும்படையைவிட முந்தி வரும் சிறு கூட்டம் மேல்.

அப்படியானால் காடு பீடைகளின் புகலிடம் என்று சொல்வதில் நியாயம் இருக்கிறதா?

சில பயிர்களுக்கு இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. கிழக்காசியாவிலிருந்து 2008-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தென்பட்ட புள்ளி இறக்கைப் பழ ஈ காட்டோர பெர்ரிகளில் பெருகி செர்ரித் தோட்டங்களுக்குள் நுழைகிறது. மேற்காசியாவில் கோதுமையைத் தாக்கும் ஒரு கேடய நாவாய்ப்பூச்சி ஆண்டின் பெரும்பகுதியை மலைச்சரிவுகளில் புதர் அடியில் உறங்கிக் கழித்துவிட்டு வசந்தத்தில் சமவெளிக்கு இறங்குகிறது.

ஆனால் காட்டை அழித்தால் பீடை ஒழியும் என்பது இதிலிருந்து பெறப்படாது. பெரும்பாலான பீடைகளுக்குக் காட்டைவிடப் பக்கத்து வயலும், வரப்பில் தானாக முளைத்த பழைய பயிரும், அந்நியக் களைகளும்தான் பெரிய கிடங்கு. காட்டுத் துண்டுக்குள் களையேறிய ஓரம்தான் பீடைக்கு இடம் கொடுக்கிறதே தவிர, மண்ணுக்குரிய செடிகள் அடர்ந்த உட்பகுதி அவ்வளவாகக் கொடுப்பதில்லை. களையை எடுங்கள், காட்டை விடுங்கள்.

வயலிலிருந்து காட்டுக்கு என்ன போகிறது?

பேசப்படாத பாதி இது. காடு பயிருக்கு என்ன செய்கிறது என்று நூறு பேர் கேட்டால், பயிர் காட்டுக்கு என்ன செய்கிறது என்று ஒருவர் கேட்பது அரிது.

வயல் உரம் போட்டு வளர்த்த இடம். அங்கே ஒரு சதுர மீட்டரில் பெருகும் பூச்சியின் அளவு காட்டைவிடப் பல மடங்கு. அறுவடை வந்ததும் அவ்வளவும் எங்கே போகும்? இரைவிழுங்கிகளும் ஒட்டுண்ணிகளும் பசியோடு பக்கத்துக் காட்டுக்குள் நுழைகின்றன. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் (அங்கே காடு அல்ல, இயற்கைப் புல்வெளி) மக்காச்சோளம் சூழ்ந்த புல்வெளித் துண்டுகளில் பொறிவண்டுகள் மிக அதிகமாக இருப்பதையும், அங்கே காட்டு முட்செடியில் வாழும் அசுவினிகளை அவை கூடுதலாக வேட்டையாடுவதையும் 2006-இல் பதிவு செய்தார்கள். வயலின் அசுவினியும் புல்வெளியின் அசுவினியும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை; ஆனாலும் இருவருக்கும் பொதுவான எதிரி வழியாக ஒன்று மற்றொன்றை அழிக்கிறது. இத்தகைய மறைமுகப் போட்டியை 1977-இல் சூழலியலாளர் ராபர்ட் ஹோல்ட் கோட்பாடாக விளக்கியிருந்தார். பயிருக்கு நன்மை செய்யும் பூச்சி என்று நாம் பாராட்டுவது, காட்டுக்குள் போனால் யாருக்கு நன்மை என்று கேட்கத்தான் வேண்டும்.

பூச்சியோடு சேர்ந்து வேறு பொருட்களும் போகின்றன. ஆஸ்திரேலியாவின் போகாங் அந்துப்பூச்சி சமவெளி மேய்ச்சல் நிலங்களிலும் வயல்களிலும் புழுவாக வளர்ந்து, கோடைக்காகச் சில நேரம் 1,000 கிலோமீட்டர் வரை பறந்து, ஆல்ப்ஸ் என்றே அழைக்கப்படும் அந்நாட்டு உயர்மலைகளின் பாறைக் குகைகளில் ஓடு வேய்ந்தது போல் நெருக்கியடித்து உறங்கும். ஏராளமாக அங்கேயே மடியும். 2001-இல் வெளியான ஆய்வொன்று அந்தக் குகைகளின் வாயிலில் மண்ணில் ஆர்சனிக் சேர்ந்திருப்பதையும், அந்துப்பூச்சிக் குப்பை மழையில் கழுவப்பட்டு ஓடிய வழியில் புல் கருகியிருப்பதையும் காட்டியது. அந்த ஆர்சனிக் சமவெளியிலிருந்து இறக்கைகளில் ஏறி வந்தது. மலையில் வாழும் சிறு பாசம் என்னும் பைப்பாலூட்டிக்கு இந்த அந்துதான் வசந்தகால முக்கிய உணவு.

இன்னும் நேரடியான ஒன்று: காட்டுப் பூச்சியே வயலுக்குப் போய் நஞ்சைச் சுமந்து திரும்புவது. ஜெர்மனியில் 63 பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை 27 ஆண்டுகளில் 76 சதவீதம் சரிந்ததை 2017-இல் வெளியிட்டார்கள். உலகமே அதைப் பற்றிப் பேசியது. அந்தப் பகுதிகள் பெரும்பாலும் வயல்களால் சூழப்பட்டவை. 2021-இல், அதே நாட்டின் 21 காப்பிடங்களில் பிடித்த பூச்சிகளைச் சோதித்தபோது ஒரு காப்பிடத்துக்குச் சராசரியாக ஏறக்குறைய 17 பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, பூஞ்சைக்கொல்லி எச்சங்கள் கிடைத்தன. காப்பிடத்தைச் சுற்றி வேலி போட்டுப் பலகை வைக்கலாம். பூச்சி பலகையைப் படிப்பதில்லை.

வயல் முழுக்கப் பூத்தால் காட்டுத் தேனீக்களுக்கு நல்லதுதானே?

மூன்று வாரத்துக்கு நல்லது. கடுகு போன்ற பயிர் பூக்கும்போது பம்பிள் தேனீக் கூட்டங்கள் வேகமாக வளரும். ஆனால் அந்த நாட்களில் தேனீக்கள் வயலுக்கு இழுக்கப்பட்டு, பக்கத்தில் பூத்த காட்டுப்பூக்கள் ஆளின்றி நிற்கும். ஜெர்மனியில் கடுகுப் பரப்பு கூடிய பகுதிகளில் ப்ரிமுலா என்ற காட்டுப்பூச்செடி ஒன்றின் விதை குறைந்ததை 2011-இல் காட்டினார்கள். பூ முடிந்ததும் நிலைமை தலைகீழ்: பெருகிய தேனீக்கள் எல்லாம் காட்டுப்பூக்களை மொய்க்கும், உணவு போதாது. ஆக, பயிருக்கு முன்பும் பின்பும் காட்டில் என்ன பூக்கிறது என்பதுதான் தேனீயின் ஆண்டைத் தீர்மானிக்கிறது.

காட்டின் ஓரம் எப்படி இருந்தால் பூச்சிகள் எளிதாகக் கடக்கும்?

சட்டென்று சுவர் போல் நிற்கும் ஓரத்தில், வெளிச்சமும் வெப்பமும் காற்றும் ஒரே அடியில் மாறும். திறந்தவெளி வண்ணத்துப்பூச்சிகள் அங்கே வந்து திரும்பிவிடும், அல்லது ஓரத்தை ஒட்டியே பறந்து போகும். உயர்ந்த புல், புதர், குறுமரம், மரம் என்று படிப்படியாக ஏறும் ஓரத்தில் இரு பக்கத்தாருக்கும் நுழைய இடம் கிடைக்கும். ஆனால் பூச்சிகள் எளிதாகக் கடப்பதே எப்போதும் நல்லது என்று எண்ண வேண்டாம். அரிய காட்டினங்கள் வாழும் ஒரு துண்டைச் சுற்றி அடர்ந்த புதர் ஓரம் ஒரு திரையாக இருந்தால் மருந்துத் தூவலும் வயல் இரைவிழுங்கிகளும் குறைவாக உள்ளே போகும். எது வேண்டும் என்பதைக் காட்டைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். உலகில் மீதமிருக்கும் காட்டுப்பரப்பில் 70 சதவீதம் ஏதாவதொரு ஓரத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது என்பதால், ஓரத்தைப் பற்றிய இந்தக் கவலை சின்ன விஷயம் அல்ல.

சின்னத் துண்டுக் காடு எதற்காவது உதவுமா?

உதவும். அரை ஏக்கரில் ஒரு புலி வாழாது, ஆயிரக்கணக்கில் தரை வண்டுகள் வாழும். பின்லாந்தின் ஓலாந்து தீவுகளில் சூழலியலாளர் இல்கா ஹன்ஸ்கி ஏறக்குறைய 4,000 சிறு புல்வெளிகளில் ஒரே வண்ணத்துப்பூச்சியைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்தார். ஒரு துண்டில் அற்றுப்போகும், பக்கத்திலிருந்து வந்து மறுபடி குடியேறும். எந்தத் துண்டும் நிரந்தரமில்லை, மொத்தமும் நிலைத்தது. எட்டும் தூரத்தில் அடுத்த துண்டு இருக்கும் வரைதான் அது சாத்தியம். நடுவயலில் தனித்து நிற்கும் முதுமரங்களுக்கு இதனால்தான் மதிப்பு. அவை இடைத்தங்கல்கள்.

புதிதாக மரம் நட்டால் ஈடாகுமா?

நிழலுக்கு ஈடாகும். பழைய சருகு, உளுத்த கட்டை, கலைக்கப்படாத மண் ஆகியவற்றுக்கு ஈடாகப் பல பத்தாண்டுகள் வேண்டும். தேனீ இனங்களில் ஏறக்குறைய 70 சதவீதம் மண்ணுக்குள் கூடு கட்டுபவை என்பதை மரம் நடுபவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

விவசாயி நடைமுறையில் என்ன செய்யலாம்?

மருந்தின் நேரத்தை மாற்றுவதுதான் செலவில்லாத முதல் வேலை. காட்டோரத்துப் பத்து, இருபது மீட்டரில் பயிர் முளைத்த முதல் வாரங்களில் தெளிக்காமல் விட்டால், வந்துகொண்டிருக்கும் எதிரிப் பூச்சிகள் உள்ளே நுழைய வழி இருக்கும். பயிர் பூத்திருக்கும்போது தெளிப்பதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். விதைக்கே மருந்து பூசி விதைத்தால் ஓரம் விட்டும் பயனில்லை; மருந்து பூவிலும் மகரந்தத்திலும் போய்ச்சேரும். இத்தகைய மூன்று மருந்துகளை வெளிநிலங்களில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் தடை விதித்ததற்குத் தேனீக்களே காரணம்.

வயல் மிகப் பெரிதாக இருந்தால் நடுப்பகுதிக்குக் காட்டின் பூச்சி எட்டாது. இங்கிலாந்தில் 1980-களில் இதற்கு ஒரு வழி கண்டார்கள்: வயலின் குறுக்கே, கால் மீட்டருக்கு மேல் உயர்ந்த மண்மேடு ஒன்றை எழுப்பி, குத்துப்புல்லை வளரவிடுவது. இரண்டாவது குளிர்காலத்திலேயே ஒரு சதுர மீட்டரில் ஆயிரத்துக்கும் மேல் வண்டுகளும் சிலந்திகளும் அதில் தங்கின. வசந்தத்தில் அவை கால்நடையாகவே வயலின் நடுவுக்குப் போய்விடும். அறுவடையையும் ஒரே நாளில் முடிக்காமல் பகுதி பகுதியாகச் செய்ய முடிந்தால், காட்டுக்குள் ஒரேயடியாகப் பாயும் கூட்டம் குறையும்.

நானே பார்த்துத் தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும், பெரிய கருவி எதுவும் வேண்டாம். காட்டோரத்தில் ஒரு குச்சியில் நிறமற்ற ஒட்டுத்தகட்டை, ஒரு முகம் காட்டையும் மறுமுகம் வயலையும் பார்க்குமாறு கட்டுங்கள். மஞ்சள் தகடு வேண்டாம். மஞ்சள் அசுவினியையும் வெள்ளை ஈயையும் தானே இழுக்கும், திசைக் கணக்கு கெட்டுவிடும். வாரம் ஒருமுறை இரு முகத்தையும் தனித்தனியே எண்ணிக் குறித்துவையுங்கள். இனம் தெரியாவிட்டால் பொறிவண்டு, ஈ, குளவி, அசுவினி என்று கூட்டமாகப் பிரித்தால் போதும். விதைப்புக்கு முன் ஒரு மாதத்திலிருந்து அறுவடைக்குப் பின் ஒரு மாதம் வரை விடாமல் எண்ணுங்கள். வயல் காலியாக இருக்கும் நாட்களில் காட்டோரச் சருகை ஒரு கைப்பிடி அள்ளி வெள்ளைத் துணியில் உதறினால், அடுத்த பருவத்தில் வயலுக்கு வரப்போவது என்ன என்பதில் பாதி அங்கேயே ஓடும். சருகை எடுத்த இடத்திலேயே திரும்பப் போட்டுவிடுங்கள்.